விற்றவன், வாங்கியவன், சாட்சி சொன்னவள்: போர்க்கால மனிதக் கடத்தலும் உலக நாடுகளும்

போர் நடக்கும் நாடுகளில் மனிதக் கடத்தலைத் தடுக்க உலக நாடுகள் உருப்படியாக ஏதாவது செய்திருக்கின்றனவா, அல்லது தீர்மானம் நிறைவேற்றுவதோடு நின்றுவிட்டனவா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டம் போதிய அளவு இருக்கிறது. விற்கப்பட்ட ஒருவரின் பாதையை, விற்றவன் தொடங்கி வாங்கியவன் வரையில், யாரோ சிலர் பொறுமையாகப் பின்தொடர்ந்த இடங்களில் அந்தச் சட்டம் வேலையும் செய்திருக்கிறது. ஆனால் அப்படிப் பின்தொடர்ந்த இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

விளக்கத்துக்குப் போகும் முன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். விமான நிலையத்தில் தங்கம் பிடிபட்டாலும் தமிழில் கடத்தல்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பணம் கேட்டாலும் கடத்தல்தான். காசு வாங்கிக்கொண்டு ஒருவரைப் படகேற்றிக் கள்ளத்தனமாக வேறொரு நாட்டில் இறக்கிவிட்டாலும் கடத்தல்தான். சர்வதேசச் சட்டம் பேசும் மனிதக் கடத்தல் இவை மூன்றிலிருந்தும் வேறானது. 2000 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்டு, 2003 டிசம்பர் 25 அன்று நடைமுறைக்கு வந்த பலெர்மோ நெறிமுறையின்படி, ஓர் ஆளைச் சேர்ப்பது, கொண்டுசெல்வது, கைமாற்றுவது, மறைத்துவைப்பது, பெற்றுக்கொள்வது ஆகிய செயல்களில் ஏதேனும் ஒன்று நடந்திருக்க வேண்டும்; அது மிரட்டல், வன்முறை, ஏமாற்று, இயலாமையைப் பயன்படுத்திக்கொள்ளுதல் போன்ற ஒரு வழியில் நடந்திருக்க வேண்டும்; பாலியல் சுரண்டல், கட்டாய உழைப்பு, அடிமைத்தனம் போன்ற ஒரு நோக்கம் அதற்குப் பின்னால் இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குட்பட்டவர் என்றால் இரண்டாவது கூறு, அதாவது எந்த வழியில் கொண்டுபோனார்கள் என்பது, தேவையே இல்லை. ‘அவளாகத்தான் போனாள்’ என்ற வாதம் சிறுமியின் விஷயத்தில் சட்டத்தின் முன் செல்லாது. இந்த வரையறையை 180க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றிருக்கின்றன. இந்தியா 2011ஆம் ஆண்டிலும் இலங்கை 2015ஆம் ஆண்டிலும் ஏற்புறுதி அளித்தன.

ஆனால் பலெர்மோ நெறிமுறை அமைப்புசார் குற்றத்தை, அதாவது காசுக்காக எல்லை தாண்டி இயங்கும் குற்றக் கும்பலை, மனத்தில் வைத்து எழுதப்பட்டது. போர் என்ற பேச்சே அதில் இல்லை. காவல் நிலையம் இருக்கும், அது திறந்திருக்கும், அங்கே உட்கார்ந்திருப்பவர் குற்றவாளியின் பக்கம் இல்லை என்ற நம்பிக்கை அதன் ஒவ்வொரு வரியிலும் உள்ளுறையாக இருக்கிறது. ஊரை ஆள்பவனே சந்தை நடத்தும்போது என்ன செய்வது என்பதற்கு அதில் வழி இல்லை. அந்தக் கேள்வியை உலகத்தின் முன் வைத்தது சிஞ்சார்.

2014 ஆகஸ்ட் 3 அன்று வட ஈராக்கின் சிஞ்சார் மலைப்பகுதிக்குள் ‘இஸ்லாமிய அரசு’ என்று தன்னை அழைத்துக்கொண்ட ஐ.எஸ். குழுவின் படை நுழைந்தது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த யாசிதி என்ற சிறுபான்மைச் சமய மக்களில் ஆண்களையும் வயதான பெண்களையும் பல ஊர்களில் கூட்டம் கூட்டமாகக் கொன்றுவிட்டு, இளம்பெண்களையும் பிள்ளைகளையும் பேருந்துகளில் ஏற்றினார்கள். தல் அஃபர், பாதூஷ் சிறை, மொசூல் நகரில் ‘கேலக்ஸி’ என்ற திருமண மண்டபம் ஆகிய இடங்களில் அவர்கள் அடைக்கப்பட்டார்கள். அங்கே நடந்ததை, சிரியா குறித்து விசாரிக்க ஐ.நா. அமைத்த ஆணையம் 2016 ஜூனில் வெளியிட்ட அறிக்கை விவரிக்கிறது. ஒவ்வொரு பெண்ணின் பெயர், வயது, திருமணமானவளா, எத்தனை பிள்ளைகள் என்று எழுதிக்கொண்டார்கள்; சிலரை முக்காடின்றி நிறுத்திப் புகைப்படம் எடுத்தார்கள். அடிமைகளை வாங்கி விற்பதற்கென்றே ஒரு குழு இருந்தது. எந்த ஊரில் சந்தை கூட வேண்டும் என்பதை அது தீர்மானித்தது. விலை 200 முதல் 1,500 டாலர் வரை. அதே பெண்ணைப் பிற்பாடு அவளுடைய குடும்பத்துக்கே திருப்பி விற்றபோது கேட்ட தொகை பல ஆயிரம் டாலர்.

இந்த நிர்வாக விவரங்களை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். போரில் பெண்களுக்கு நேரும் கொடுமையை ‘போர் என்றால் அப்படித்தான்’ என்று ஒதுக்கிவிடும் பழக்கம் நீண்டகாலமாக இருந்துவந்தது. பெயர்ப்பதிவேடும் விலைப்பட்டியலும் கைமாற்றுச் சீட்டும் இருக்கும் இடத்தில் அந்தச் சாக்கு நிற்காது. அங்கே ஒரு வணிகம் நடந்தது. வணிகம் என்றால் கணக்கு இருக்கும், கணக்கு இருந்தால் ஆளைக் கண்டுபிடிக்க முடியும்.

2015 டிசம்பர் 16 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை தன் வரலாற்றிலேயே முதல்முறையாக மனிதக் கடத்தல் என்ற பொருளில் மட்டும் ஒரு கூட்டம் நடத்தியது. கோச்சோ என்ற கிராமத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டு, மொசூலில் விற்கப்பட்டு, தப்பிவந்த நாடியா முராத் அன்று அந்தச் சபையில் பேசினார். தனக்கு நடந்ததை, தன் தாயையும் சகோதரர்களையும் இழந்ததை, 15 நாடுகளின் பிரதிநிதிகளுக்கு நேரே சொன்னார். 2018ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கும் காங்கோ மருத்துவர் டெனிஸ் முக்வெகேவுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. பரிசைவிடப் பெரிதாக நான் கருதுவது, அந்தப் பேச்சு நிகழ்ந்து ஓராண்டு கழிந்த கையோடு, 2016 டிசம்பர் 20 அன்று, ஸ்பெயினின் முயற்சியில் 2331ஆம் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதைத்தான்.

அந்தத் தீர்மானத்தைப் படிப்பவர்களுக்கு இரண்டு உணர்வுகள் ஒருசேர வரும். ‘அழைப்பு விடுக்கிறது’, ‘ஊக்குவிக்கிறது’, ‘கவலை தெரிவிக்கிறது’ என்ற வினைச்சொற்களே மிகுதியாக இருப்பதால் இதனால் என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பு ஒன்று. மற்றது, அந்த வினைச்சொற்களுக்கு நடுவே சில உறுதியான அடிகள் எடுத்துவைக்கப்பட்டிருக்கின்றன என்ற ஆறுதல். போர்ச் சூழலில் நடக்கும் மனிதக் கடத்தல் போர்க்குற்றமாகவும் அமையக்கூடும் என்று அது சொன்னது. பயங்கரவாதக் குழுக்கள் கடத்திய, பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கிய மனிதர்களைப் பயங்கரவாதத்தால் பாதிக்கப்பட்டவர்களாகவே வகைப்படுத்த வேண்டும் என்றது. குண்டுவெடிப்பில் காயம்பட்டவருக்குக் கிடைக்கும் நிவாரணமும் அங்கீகாரமும் விற்கப்பட்ட பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும் என்பது இதன் பொருள். கடத்தலில் புரளும் பணத்தைத் துரத்துமாறு நாடுகளைக் கேட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில், இத்தாலி தலைமை வகித்தபோது வந்த 2388ஆம் தீர்மானம் குழந்தைகளிடம் கவனம் செலுத்தி, போர்ப்பகுதியிலிருந்து வரும் பிள்ளைகளைச் சந்தேக நபர்களாக அடைத்துவைக்காமல், முதலில் அவர்கள் கடத்தப்பட்டவர்களா என்று பார்க்க வேண்டும் என்பதை வலியுறுத்தியது.

தீர்மானத்துக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை லிபியாவில் அளக்கலாம். 2017 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று, ஆப்பிரிக்க இளைஞர்கள் அங்கே ஏலத்தில் விற்கப்படும் காட்சியை ஒளிபரப்பியது. உலகமே கொதித்தது. ஏழு மாதங்களுக்குள், 2018 ஜூன் 7 அன்று, பாதுகாப்புச் சபையின் லிபியத் தடைக் குழு ஆறு பேரின் சொத்துகளை முடக்கிப் பயணத்தடை விதித்தது. நான்கு லிபியர்கள், இரண்டு எரித்திரியர்கள். மனிதக் கடத்தலுக்காகவும் ஆட்களைக் கள்ளமாகக் கடல் தாண்டவைத்ததற்காகவும் ஐ.நா. தனிநபர்கள்மீது தடை விதித்தது அதுவே முதல்முறை. ஆனால் அந்த ஆறு பேரில் ஒருவர் ஸாவியா நகரின் கரையோரக் காவல் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். கடலில் பிடிபடும் அகதிகளைத் திருப்பிக் கொண்டுவரும் அதே கரையோரக் காவல் படைக்குத்தான் ஐரோப்பிய ஒன்றியம் பயிற்சியும் உதவியும் அளித்துக்கொண்டிருந்தது. அவர் 2020 அக்டோபரில் கைதானார். சில மாதங்களில் வெளியே வந்துவிட்டார். 2024 செப்டம்பரில் சுட்டுக்கொல்லப்பட்டார். எந்த நீதிமன்றத்திலும் எந்த அகதியும் அவருக்கு எதிரே நின்று சாட்சி சொல்லும் நாள் வரவில்லை. அகதிகள் தங்கள் கரைக்கு வராமல் இருப்பதே முதல் தேவை என்று கருதும் அரசு, அவர்களைத் தடுத்துவைப்பவன் யார் என்று அதிகம் விசாரிப்பதில்லை. இந்த முரண்பாட்டைச் சரிசெய்யாமல் தடைப்பட்டியலை மட்டும் நீட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அமைதிப்படையைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். 1995ஆம் ஆண்டில் போர் ஓய்ந்த பொஸ்னியாவில், மால்டோவா, உக்ரைன், ருமேனியா நாடுகளிலிருந்து ஏமாற்றிக் கொண்டுவரப்பட்ட பெண்கள் விடுதிகளில் அடைக்கப்பட்டிருந்தார்கள். அங்கே போனவர்களில் சர்வதேசப் பணியாளர்களும் இருந்தார்கள். ஐ.நா. காவல் பணியில் இருந்த அமெரிக்கரான கேத்ரின் போல்கோவாக் இதை வெளிக்கொண்டுவந்து வேலையை இழந்தார். பிறகு 2002ஆம் ஆண்டில் பிரிட்டனில் தொழில் தீர்ப்பாயம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தவறு செய்தவர்களுக்கோ சட்ட விலக்குரிமை இருந்ததால் ஊருக்குத் திருப்பி அனுப்பியதோடு விஷயம் முடிந்தது. 2003ஆம் ஆண்டில் ஐ.நா. பொதுச்செயலாளர் பாலியல் சுரண்டலுக்கு எதிராக வெளியிட்ட கடுமையான விதிகளுக்கு இது போன்ற அனுபவங்களே பின்னணி. இன்றும் அமைதிப்படை வீரரைத் தண்டிக்கும் அதிகாரம் அவரை அனுப்பிய நாட்டிடமே இருக்கிறது.

இனி நீதிமன்றங்களுக்கு வருகிறேன். பயன் என்று நீங்கள் கேட்டது உண்மையில் தெரிவது இங்கேதான். பொஸ்னியாவின் ஃபோச்சா நகரில் பெண்களை வீடுகளில் அடைத்துவைத்து, சிலரை விற்கவும் செய்தவர்களுக்கு எதிராக, முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேச நீதிமன்றம் 2001 பிப்ரவரி 22 அன்று தீர்ப்பளித்தது. அடிமைப்படுத்துதல் என்றால் சங்கிலியும் ஏலமும் மட்டுமல்ல, ஓர் ஆளின் நடமாட்டத்தையும் உடலையும் உழைப்பையும் உடைமைபோலக் கட்டுப்படுத்துவதே அது என்று அந்தத் தீர்ப்பு விளக்கியது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சட்டத்தின் 7ஆம் பிரிவிலும், அடிமைப்படுத்துதல் என்பதற்கான வரையறைக்குள்ளேயே, பெண்களையும் குழந்தைகளையும் கடத்துவது குறிப்பாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே சட்டத்தில் ஓட்டை என்று யாரும் சொல்ல முடியாது.

இருந்தும் ஈராக்கில் என்ன நடந்தது? பிடிபட்ட ஐ.எஸ். ஆட்கள் ஆயிரக்கணக்கில் விசாரிக்கப்பட்டார்கள், பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்கீழ். அந்த அமைப்பில் உறுப்பினராக இருந்தாய் என்று நிரூபித்தால் போதும், மரண தண்டனை வரை கொடுக்கலாம். விசாரணை சில நிமிடங்களில் முடிந்த வழக்குகளும் உண்டு. இனப்படுகொலை, மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் ஆகியவற்றைக் குற்றமாக வரையறுக்கும் உள்நாட்டுச் சட்டம் ஈராக்கில் இல்லை. மனிதக் கடத்தலுக்கு எதிராக 2012ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் வந்திருந்தும் அதை இந்த வழக்குகளில் கையில் எடுக்கவில்லை. விளைவு, வாங்கியவன் தூக்கில் தொங்கினாலும், அவன் யாரை வாங்கினான், யாரிடமிருந்து வாங்கினான், யாருக்குக் கைமாற்றினான் என்ற கேள்விகள் கேட்கப்படாமலேயே அவனோடு புதைந்தன. தன்னை அடிமையாக வைத்திருந்தவனுக்கு எதிரே ஒரு யாசிதிப் பெண் பாக்தாத் நீதிமன்றத்தில் நின்று சாட்சி சொல்லித் தண்டனை பெற்றுத்தந்தது 2020 மார்ச்சில்தான்.

ஜெர்மனியில் நடந்த ஒரு வழக்கை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2015ஆம் ஆண்டில் ஐ.எஸ். ஆளான ஓர் ஈராக்கியர் ஒரு யாசிதித் தாயையும் அவளுடைய 5 வயது மகளையும் விலைக்கு வாங்கி, ஃபலூஜா நகரில் தன் வீட்டில் வைத்திருந்தார். தாய் வீட்டுவேலை செய்தாள், இருவரும் அடிவாங்கினார்கள். உடல்நலமில்லாத அந்தக் குழந்தை ஒருநாள் படுக்கையை நனைத்துவிட்டது. அதற்குத் தண்டனையாக, கொளுத்தும் வெயிலில், வெளியே ஜன்னல் கம்பியில் அவளைக் கட்டிவைத்தார். தாயின் கண்ணெதிரே குழந்தை துவண்டது, பிழைக்கவில்லை. அந்த வீட்டிலிருந்த அவருடைய ஜெர்மானிய மனைவி தன் நாட்டுக்குத் திரும்பிய பிறகு, 2018ஆம் ஆண்டில் மறுபடியும் சிரியாவுக்குக் கிளம்பியபோது, துப்பாளர் ஒருவர் ஓட்டிய, ஒலிப்பதிவுக் கருவி பொருத்திய காரில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டார். அங்கிருந்து நூல் பிடித்துப் போன புலனாய்வாளர்கள், உயிர்தப்பிய தாயைக் கண்டுபிடித்தார்கள். கணவர் 2019ஆம் ஆண்டில் கிரேக்க நாட்டில் கைதானார். குற்றம் நடந்தது ஈராக்கில். குற்றம் செய்தவரும் இறந்தவளும் ஜெர்மானியர்கள் அல்லர். ஆயினும் ஜெர்மனியின் 2002ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய குற்றங்களை உலகின் எந்த மூலையில் நடந்தாலும் விசாரிக்க அந்நாட்டு நீதிமன்றங்களுக்கு அதிகாரம் அளித்திருந்தது. 2021 நவம்பர் 30 அன்று பிராங்க்பர்ட் உயர் மண்டல நீதிமன்றம் அவருக்கு இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை விதித்தது. யாசிதிகளுக்கு நடந்தது இனப்படுகொலை என்று உலகில் ஒரு நீதிமன்றம் ஒருவரைத் தண்டித்துச் சொன்னது அதுவே முதல்முறை. மனைவிக்கு மியூனிக்கில் 10 ஆண்டுகள் விதிக்கப்பட்டு, பின்னர் 2023ஆம் ஆண்டில் அது 14 ஆண்டுகளாக உயர்ந்தது.

ஒரு தாயையும் ஒரு குழந்தையையும் விலைக்கு வாங்கி வைத்திருந்ததை, ஒரு மக்களினத்தை அழிக்கும் திட்டத்தின் பகுதியாகவே நீதிமன்றம் பார்த்தது. இதற்கு முன் மனிதக் கடத்தல் வழக்குகள் பெரும்பாலும் குற்றப் பட்டியலின் கடைசி வரியாக இருந்தன. அந்தத் தாய் பல நாட்கள் சாட்சிக்கூண்டில் அமர்ந்து, மறுபடி மறுபடி அதே பிற்பகலைச் சொல்லியிருக்காவிட்டால் இந்தத் தீர்ப்பு இல்லை. ஸ்டாக்ஹோம் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில், சிரியாவின் ரக்கா நகரில் யாசிதிப் பெண்களையும் குழந்தைகளையும் தன் வீட்டில் அடிமைகளாக வைத்திருந்த ஸ்வீடன் நாட்டுப் பெண்ணுக்கு 12 ஆண்டுகள் விதித்தபோதும் வழி இதேதான்: ஒரு வீடு, அந்த வீட்டில் இருந்தவர்களின் பெயர்கள், தப்பியவர்களின் வாக்குமூலம்.

இத்தகைய சாட்சியங்களைத் திரட்டவே பாதுகாப்புச் சபை 2017 செப்டம்பரில் 2379ஆம் தீர்மானத்தின் மூலம் ஈராக்கில் ஒரு புலனாய்வுக் குழுவை அமைத்தது. தடயங்களைச் சேகரித்தார்கள், கோச்சோவில் கூட்டுப்புதைகுழிகளைத் தோண்டும் பணிக்குத் துணைநின்றார்கள், ஐரோப்பிய வழக்குகளுக்கு உதவினார்கள். ஆனால் மரண தண்டனை விதிக்கும் நீதிமன்றங்களுக்கு ஐ.நா. ஆதாரம் கொடுக்க முடியாது என்பதால் ஈராக் அரசுக்கும் குழுவுக்கும் இடையே உரசல் வளர்ந்தது. ஈராக்கின் வேண்டுகோளின்படி 2024 செப்டம்பரில் குழு மூடப்பட்டது. மரண தண்டனையை எதிர்க்கும் ஐ.நா. நிலைப்பாட்டை நான் மதிக்கிறேன். தன் மண்ணில் தன் மக்களுக்கு நடந்த குற்றத்தின் ஆதாரம் தனக்குக் கிடைக்கவில்லை என்ற ஈராக்கின் கோபமும் எனக்குப் புரிகிறது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்கள், பெயர் சொல்லிப் பேச முன்வந்த பெண்கள்.

பிள்ளைகளைப் படையில் சேர்ப்பது பற்றித் தமிழ் வாசகருக்கு நீட்டி விளக்கத் தேவையில்லை. சுரண்டுவதற்காக ஒரு பிள்ளையைச் சேர்ப்பதே பலெர்மோ வரையறைப்படி கடத்தல்தான். மொசாம்பிக்கின் முன்னாள் கல்வி அமைச்சர் கிராசா மஷெல் 1996ஆம் ஆண்டில் ஐ.நா.வுக்கு அளித்த அறிக்கையிலிருந்து தொடங்கி, 2005ஆம் ஆண்டின் 1612ஆம் தீர்மானம் வழியாக, எந்தப் படை, எந்த ஊரில், எத்தனை பிள்ளைகளை எடுத்தது என்று சரிபார்த்துப் பதிவுசெய்யும் ஒரு பொறிமுறை உருவானது. அது முதலில் செயல்பட்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. 2008 டிசம்பரில் கிழக்கில், விடுதலைப் புலிகளிலிருந்து பிரிந்த தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் அமைப்பும் இலங்கை அரசும் யுனிசெஃபும் கையெழுத்திட்ட செயல்திட்டம் அதன்வழி வந்ததே. குறை இருந்தாலும், ஆயுதக் குழுவைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, பட்டியலிலிருந்து வெளிவர இன்னின்னது செய் என்று நிபந்தனை வைக்கும் இந்த முறையில் ஒரு பிடி இருக்கிறது. காங்கோவின் ஆயுதக் குழுத் தலைவர் தாமஸ் லுபாங்காவைச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2012ஆம் ஆண்டில் குற்றவாளி என்றபோது, அந்நீதிமன்றத்தின் முதல் தீர்ப்பே பிள்ளைகளைப் படையில் சேர்த்த குற்றத்துக்கானதாக அமைந்தது.

தடுத்தல் என்ற வகையில் நான் கண்ட நல்ல உதாரணம் உக்ரைன் எல்லையில் நடந்தது. 2022 பிப்ரவரி 24க்குப் பிறகு, ஆண்கள் நாட்டைவிட்டு வெளியேறத் தடை இருந்ததால், போலந்துக்குள் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மெடிக்கா சோதனைச் சாவடியிலும் ப்ஷெமிஸ்ல் ரயில் நிலையத்திலும் தெரியாத ஆண்கள் ஊர்ப்பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு, இலவசமாகக் கொண்டுவிடுகிறேன், தங்க இடம் தருகிறேன் என்று நின்றார்கள். அவர்களில் நல்ல மனிதர்களே அதிகம். யார் அப்படி இல்லை என்பதைக் கைக்குழந்தையோடு இரண்டு நாள் தூங்காமல் வந்த ஒரு பெண்ணால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? சில நாட்களுக்குள் ஓட்டுநரின் அடையாள அட்டையையும் வண்டி எண்ணையும் பதிவு செய்யும் மேசைகள் வந்தன. கடவுச்சீட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள், வண்டி எண்ணைப் படம் எடுத்துச் சொந்தக்காரருக்கு அனுப்புங்கள் என்று உக்ரைனிய மொழியில் துண்டறிக்கைகள் வந்தன. இவற்றுக்கெல்லாம் மேலாக, மார்ச் 4 அன்று ஐரோப்பிய ஒன்றியம் தற்காலிகப் பாதுகாப்பு நெறிமுறையை முதல்முறையாகச் செயல்படுத்தி, உக்ரைனியர்களுக்குத் தங்கும் உரிமை, வேலை செய்யும் உரிமை, மருத்துவம், பள்ளி ஆகியவற்றை உடனே கொடுத்தது. சட்டப்படி தங்கவும் வேலை செய்யவும் முடிந்த பெண்ணை ‘போலீஸில் பிடித்துக்கொடுத்துவிடுவேன்’ என்று மிரட்ட முடியாது. கடத்தல்காரனின் கையிலுள்ள மிக வலுவான ஆயுதத்தை அந்த ஒரு முடிவு பறித்தது. சிரியரும் எரித்திரியரும் ஆப்கானியரும் வந்தபோது இதே கதவு ஏன் திறக்கவில்லை என்ற கேள்வி என்னை இன்றும் வருத்துகிறது.

நம் பக்கத்துக்கும் இந்தப் போர் வந்துசேர்ந்தது. ரஷ்யாவில் உதவியாளர் வேலை, பாதுகாவலர் வேலை, நல்ல சம்பளம் என்று நம்பிப் போன இளைஞர்கள் போர்முனையில் நிறுத்தப்பட்ட வழக்கில், 2024 மார்ச்சில் மத்தியப் புலனாய்வுத் துறை 13 இடங்களில் சோதனை நடத்தியது. சென்னையும் மதுரையும் அவற்றில் அடக்கம். இலங்கையிலிருந்து ஓய்வுபெற்ற படைவீரர்கள் பலர் இதே வகையில் சிக்கினார்கள். நேபாளம் 2024 ஜனவரியில் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் வேலைக்குப் போக அனுமதி வழங்குவதையே நிறுத்தியது. இதைப் பலர் ‘வேலை மோசடி’ என்று எழுதுகிறார்கள். ஏமாற்றி ஆள் சேர்த்து, நாடு கடக்கவைத்து, விரும்பாத போரில் கட்டாயமாக நிறுத்துவதை அந்தச் சொல்லால் குறிப்பது போதாது. முகவர்மேல் மோசடி வழக்கு மட்டும் போட்டால் அவர் ஜாமீனில் வந்து அடுத்த ஊரில் அலுவலகம் திறப்பார்.

தாய்லாந்து எல்லையை ஒட்டிய மியான்மரின் மியாவடிப் பகுதியிலும் இதுவே நடக்கிறது. 2021ஆம் ஆண்டின் இராணுவப் புரட்சிக்குப் பின் ஆயுதக் குழுக்களின் பிடியிலுள்ள அந்த எல்லைப்புறத்தில், கணினி வேலை என்று அழைத்துச்செல்லப்பட்டவர்கள் மின்வேலிக்குள் அடைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022 அக்டோபரில் அங்கிருந்து மீட்கப்பட்டார்கள். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்களில் 549 பேர் திரும்பினார்கள். திரும்பி வந்தவரிடம் முதலில் கேட்கும் கேள்வி ‘எத்தனை பேரை ஏமாற்றினாய்’ என்பதாக இருந்தால், முகவரின் பெயரைச் சொல்ல அவர் முன்வர மாட்டார். கடத்தப்பட்ட நிலையில் கட்டாயத்தின் பேரில் செய்த குற்றத்துக்காக ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்பது ஐ.நா. மனித உரிமை ஆணையர் 2002ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்த கொள்கை. அதைக் கருணையின் பாற்பட்டதாக மட்டும் நான் பார்க்கவில்லை. விற்றவனைப் பிடிக்க அதைவிட நல்ல வழி கிடையாது. இதற்கு மாறாக, 15 வயதில் லண்டனிலிருந்து சிரியாவுக்குப் போன பள்ளி மாணவி கடத்தப்பட்டிருக்கலாம் என்ற நம்பத்தக்க சந்தேகம் இருப்பதாக 2023 பிப்ரவரியில் ஒரு பிரிட்டிஷ் ஆணையம் ஒப்புக்கொண்டது. ஆயினும் அவருடைய குடியுரிமையைப் பறித்தது செல்லும் என்றே முடித்தது.

இவ்வளவு பேசியபின் விடுபட்டுப்போன ஒன்றைச் சொல்ல வேண்டும். தீர்மானங்களும் புலனாய்வுக் குழுவும் நீதிமன்றங்களும் நடந்ததை விசாரிக்க அமைந்தவை. இன்னும் யாரோ ஒருவரின் வீட்டில் உயிரோடு இருப்பவர்களைத் தேடும் பொறுப்பு அவற்றில் எதற்கும் தரப்படவில்லை. யாசிதிக் குடும்பங்கள் தாங்களே தேடின; கைப்பேசியில் வந்த புகைப்படத்தை வைத்து, கடன் வாங்கிய பணத்தோடு, இடைத்தரகர்களை நம்பித் தேடின. 11 வயதில் சிஞ்சாரிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஒரு சிறுமி, 2024 அக்டோபரில், 21 வயதுப் பெண்ணாகக் காசாவிலிருந்து மீட்கப்பட்டாள். ஈராக், அமெரிக்கா, இஸ்ரேல், ஜோர்டான் என நான்கு நாடுகள் அதற்காகப் பல மாதங்கள் வேலை செய்தன. பகைநாடுகள்கூட ஓர் ஆளுக்காக ஒத்துழைக்க முடியும் என்பது அதில் தெரிந்தது. அவளைப் போல ஊர் திரும்பாதவர்கள் இன்னும் ஏறத்தாழ 2,600 பேர். அவர்களில் பலர் போகும்போது குழந்தைகள். இப்போது வேறு பெயரில், வேறு மொழி பேசி, தாங்கள் யாசிதி என்பதே நினைவில்லாமல் வாழக்கூடும்.